95 சதவீதம் சரி: ஆபரேஷன் மேசையில் சினைப்பைக் கட்டி

கொஞ்ச நாளா ஒரே மாதிரியான ஆய்வுக் கட்டுரைகளை வாசிச்சுக்கிட்டு இருக்கேன். இந்திய மருத்துவக் கல்லூரிகளின் பேத்தாலஜி துறைகளில் இருந்து வருபவை. பல கட்டுரைகளுக்கு மூலம் முதுநிலை மாணவர்களின் ஆய்வேடு. கேள்வி இதுதான்: சினைப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே, கட்டியில் இருந்து செல்களை ஸ்லைடில் ஒற்றியோ சுரண்டியோ எடுத்து, சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, அது புற்றா இல்லையா என்று சில நிமிஷத்தில் சொல்லிவிட முடியுமா?

கட்டுரைகளின் வடிவமும் ஏறக்குறைய ஒன்றுதான். சில பத்துக் கட்டிகள், அதிகம் போனால் நூறு சொச்சம். ஸ்லைடு சொன்னதை, சில நாள் கழித்து வரும் முழு பயாப்சி முடிவோடு வைத்து ஒரு அட்டவணை. கடைசியில் ஒரு முடிவு வாக்கியம்: எளிது, மலிவு, விரைவு, துல்லியம் தொண்ணூறு சொச்சம் சதவீதம், ஃப்ரோசன் செக்‌ஷன் வசதி இல்லாத இடங்களில் இதைப் பயன்படுத்தலாம்.

நான் டாக்டர் இல்லை. பி.இ. முடிச்சிட்டு சாஃப்ட்வேர் எழுதுறவன். ஆனா "இந்த மாடல் 95 சதவீதம் சரி" என்று யாராவது சொன்னால் அந்த எண்ணைப் பிரித்துப் பார்ப்பது என் தொழில். இந்த முறை நல்ல முறை என்றுதான் நானும் நினைக்கிறேன். அதை நல்லதென்று காட்ட இந்தக் கட்டுரைகள் எடுத்துக்கொள்ளும் எண்தான் பொருத்தமில்லாதது. அந்த எண்ணை நம்பி முடிவெடுத்தால் யாருக்கு நஷ்டம் என்பதையும் சேர்த்துப் பேசணும்.

முன்னாடியே ஏன் குத்திப் பார்க்கக் கூடாது?

கழுத்தில் கட்டி, மார்பில் கட்டி என்றால் ஊசி போட்டு உறிஞ்சி முதலிலேயே பார்த்துவிடுகிறார்கள். சினைப்பைக்குள் மட்டும் அடங்கியிருப்பதாகத் தெரியும் கட்டியில் அதைச் செய்யத் தயங்குவார்கள். கட்டி உடைந்து உள்ளே இருப்பது வயிற்றில் சிந்தினால் புற்றின் கட்டமே மாறிவிடும். 2014ல் வந்த ஃபிகோ வகைப்பாட்டில், ஒரு சினைப்பைக்குள் அடங்கிய புற்று 1ஏ. ஆபரேஷனின்போது அது சிந்தினால் 1சி1.

அதனால் ஆபரேஷனுக்கு முன் கையில் இருப்பது ஊகம்தான். 1990ல் ஜேக்கப்ஸ் குழு வெளியிட்ட ஆர்.எம்.ஐ. என்ற எளிய பெருக்கல் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஸ்கேன் மதிப்பெண், மாதவிடாய் நின்றுவிட்டதா என்பதற்கு ஒரு எண், ரத்தத்தில் சிஏ-125 அளவு, மூன்றையும் பெருக்க வேண்டும். 200ஐத் தாண்டினால் சந்தேகம். நல்ல வடிகட்டிதான், ஆனால் விடை கிடையாது.

வயிற்றைத் திறந்த பிறகு சர்ஜன் முடிவெடுத்தாகணும். சாதாக் கட்டி என்றால் கட்டியை, அல்லது அந்தப் பக்கத்துச் சினைப்பையை மட்டும் எடுத்துவிட்டு மூடிவிடலாம். புற்று என்றால் பொதுவாக இரண்டு சினைப்பைகள், கருப்பை, ஓமெண்டம் என்கிற கொழுப்புத் திரை, சில நேரம் நிணநீர் முடிச்சுகள் என்று போகும். 22 வயசுப் பெண் என்றால் கணக்கே வேற. அந்த வயதில் வரும் டிஸ்ஜெர்மினோமா போன்ற கட்டிகளில், புற்றாகவே இருந்தாலும், பல நேரம் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு மருந்தில் குணமாக்க முடியும். எடுத்துவிட்ட கருப்பையைத் திரும்ப வைக்க முடியாது. விட்டுவிட்ட புற்றுக்கு இரண்டாவது ஆபரேஷன். இரண்டு பக்கமும் விலை உண்டு.

நூறு வருஷத்துக்கு முந்தைய யோசனை

மேசையில் நோயாளி இருக்கும்போதே விடை வேண்டும் என்ற ஆசை பழசு. 1891ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வில்லியம் வெல்ச், சர்ஜன் ஹால்ஸ்டெடுக்காக ஒரு மார்புக் கட்டியை உறைய வைத்து வெட்டிப் பார்த்தார். அவர் விடை சொல்வதற்குள் ஆபரேஷன் முடிந்துவிட்டது. 1905ல் மேயோ கிளினிக்கின் லூயிஸ் வில்சன் சில நிமிடங்களில் முடிகிற முறையை வெளியிட்டார். இன்றைய ஃப்ரோசன் செக்‌ஷன் அந்த வழியில் வந்தது. துண்டைக் கிரையோஸ்டாட் என்ற குளிர் எந்திரத்தில் மைனஸ் 20 டிகிரி வாக்கில் உறைய வைத்து, மெல்லிய சீவலாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். சுமார் 20 நிமிஷத்தில் பதில்.

இன்னொரு கிளை லண்டனில் முளைத்தது. 1927ல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் டட்ஜனும் பேட்ரிக்கும், கட்டியை வெட்டி அந்தப் பரப்பைச் சுரண்டி, ஈரம் காயாமல் ஸ்லைடில் தடவிப் பார்க்கும் முறையை பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரியில் எழுதினார்கள். எந்திரமே வேண்டாம். நம் மருத்துவக் கல்லூரிக் கட்டுரைகள் பேசும் முறையின் மூதாதை அதுதான். இது பழைய சரக்கு என்பது குறை இல்லை. ஆனால் இதைப் புதுசு போல "பயன்படுத்தலாம்" என்று பரிந்துரைத்துக்கொண்டே இருப்பதற்குப் பதில், எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்று இந்நேரம் பிரித்திருக்க வேண்டும்.

ஸ்லைடில் என்ன தெரியும்?

செய்முறை எளிது. கட்டியை வெளியே எடுத்து வெட்டுகிறார்கள். வெட்டிய பரப்பில் ஸ்லைடை மெல்ல ஒற்றினால் இம்ப்ரிண்ட். கத்தி முனையால் சுரண்டித் தடவினால் ஸ்கிரேப். உடனே 95 சதவீத ஆல்கஹாலில் போடணும். சில நொடி தாமதித்தாலும் செல்கள் காய்ந்து வீங்கிக் கெட்டுவிடும். அவசரச் சாயம், பிறகு மைக்ரோஸ்கோப். பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

பனிக்கட்டிப் படிகம் செல்லைக் கிழிப்பது இதில் கிடையாது. அதனால் செல்லின் உட்கரு ஃப்ரோசனைவிடத் தெளிவாகத் தெரியும். வயிற்றுப் புற்று சினைப்பைக்குப் பரவும் க்ரூக்கன்பெர்க் கட்டியில், உட்கருவை ஓரமாக ஒதுக்கிய மோதிர வடிவச் செல்களைப் பார்த்தவுடன், வேர் வேற இடத்தில் இருக்கிறது என்று சர்ஜனுக்குச் சொல்லிவிடலாம். கிரானுலோசா செல் கட்டியில் காப்பிக்கொட்டை மாதிரி நடுவில் கோடு விழுந்த உட்கரு. பெரிய கட்டியின் பத்து இடங்களில் இருந்து பத்து ஸ்லைடு எடுப்பதும் சுலபம். ஃப்ரோசனில் நேர நெருக்கடியில் ஒன்றிரண்டு துண்டுகளைத்தான் பார்க்க முடியும்.

நம்ம ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு: காசநோய். வயிற்று உறையில் காசநோய் வந்தால் வயிற்றில் நீர் கோக்கும், சிஏ-125 எகிறும், ஸ்கேனில் முடிச்சு முடிச்சாகத் தெரியும். அச்சு அசலாக முற்றிய சினைப்பைப் புற்று மாதிரி. வயிற்றைத் திறந்து பார்த்தாலும் ஏமாறலாம். ஒரு சுரண்டலில் கிரானுலோமா கிடைத்தால், பெரிய ஆபரேஷனே தேவையில்லை, மாத்திரை போதும் என்று நிறுத்த முடியும். காசநோய்த் திசுவை கிரையோஸ்டாட்டில் வெட்டினால் எந்திரத்தில் கிருமி ஒட்டும், சுத்தம் செய்யும் வரை நிறுத்தி வைக்கணும். ஸ்லைடில் அந்தத் தொல்லை குறைவு. தோப்பூரில் நெஞ்சக நோய்க்கென்றே அரசு மருத்துவமனை வைத்திருக்கிற மாவட்டத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. நான் வாசித்த கட்டுரைகளில் இதற்கு அதிகம் போனால் ஒரு வரி. முழுக் கட்டுரையே எழுதலாம்.

எண்ணைப் பிரிப்போம்

இப்போ துல்லியத்துக்கு வருவோம். கீழே வருவது நானே போட்ட கற்பனைக் கணக்கு.

100 கட்டிகள். முழு பயாப்சிப்படி 72 சாதா, 6 பார்டர்லைன், 22 புற்று. ஸ்லைடு பார்த்தவர் 72 சாதாவில் 71ஐச் சரியாகச் சொன்னார், ஒன்றைப் புற்று என்றார். 22 புற்றில் 20ஐப் பிடித்தார், 2ஐச் சாதா என்றார். 6 பார்டர்லைனில் ஒன்றைத்தான் சரியாகச் சொன்னார். 4ஐச் சாதா என்றும் 1ஐப் புற்று என்றும் சொன்னார்.

மூன்று வகையாக எண்ணினால் 71, 1, 20. மொத்தம் 92 சதவீதம் சரி. பார்டர்லைனைப் "புற்று அல்லாதவை"யோடு சேர்த்து எண்ணினால் 96 சதவீதம். பார்டர்லைனைக் கணக்கில் இருந்தே தூக்கிவிட்டால் 94க்கு 91, அதாவது 97 சதவீதம். அதே ஸ்லைடுகள், அதே ஆள். எந்தப் பெட்டியில் போடுகிறோம் என்பதைப் பொறுத்து 92 முதல் 97 வரை. ஆனால் பார்டர்லைன் ஆறில் ஐந்து தப்பு என்பது மாறவே இல்லை. அதைச் சராசரி விழுங்கிவிட்டது.

இன்னொன்றும் பாருங்க. மைக்ரோஸ்கோப்பைத் திறக்காமலே "எல்லாம் சாதா" என்று ஒருத்தர் சொல்லிக்கிட்டே போனால் அவருக்கும் 72 சதவீதம் கிடைக்கும். சாதாக் கட்டி அதிகம் வரும் ஆஸ்பத்திரியில் ஆய்வு செய்தால் துல்லியம் தானாக ஏறும். அதனால்தான் இரண்டு ஆஸ்பத்திரிகளின் துல்லிய எண்ணைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அர்த்தமில்லாத வேலை. கட்டுரைகளின் விவாதப் பகுதியில் பாதி இடம் அந்த ஒப்பீட்டுக்கே போகிறது.

பார்டர்லைனில் ஏன் தடுமாற்றம்? பார்ப்பவரின் திறமைக்குறை என்று சொல்லிவிட முடியாது. செல்கள் ஓரளவு புற்று மாதிரியே பெருகியிருக்கும், ஆனால் அடியில் இருக்கும் திசுவுக்குள் துளைத்துக்கொண்டு போயிருக்காது. இதுதான் பார்டர்லைனின் இலக்கணம். துளைத்ததா என்பது செல்லைப் பார்த்தால் தெரியாது, செல்லும் திசுவும் சேர்ந்த கட்டமைப்பைப் பார்க்கணும். சுரண்டும்போது அந்தக் கட்டமைப்புதான் கலைகிறது. வீட்டை இடித்துச் செங்கலைக் கொட்டிவிட்டு, அடுத்த மனைக்குள் சுவர் நீண்டிருந்ததா என்று கேட்பது மாதிரி.

கட்டமைப்பைக் காட்டும் ஃப்ரோசனுக்கே இது கஷ்டம். 2016ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 38 ஆய்வுகளைச் சேர்த்து 11,181 பெண்களின் முடிவுகளைப் பார்த்தது. ஃப்ரோசன் "சாதா" என்று சொன்னால் 94 சதவீதம் கடைசி வரை அப்படியே நின்றது. "புற்று" என்றால் 99 சதவீதம். "பார்டர்லைன்" என்று சொன்னவற்றில் 21 சதவீதம் கடைசியில் புற்றாக முடிந்தது. ஐந்தில் ஒன்று. ஒரு பெரிய மியூசினஸ் கட்டியை முழுசாகப் படிக்க, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு துண்டாவது எடுத்துப் பார்ப்பது பழைய நடைமுறை. 20 சென்டிமீட்டர் கட்டிக்கு 20 துண்டு. அதை 20 நிமிஷத்தில் யாராலும் முடிக்க முடியாது.

அந்தத் தொகுப்பாய்வை நான் மதிப்பதற்குக் காரணம் அதன் எழுத்துமுறை. 1000 பெண்கள், அதில் 290 பேருக்குப் புற்று, 80 பேருக்கு பார்டர்லைன் என்று வைத்துக்கொண்டு, ஃப்ரோசன் "புற்று" என்று சொன்னால் மட்டும் புற்றாக எடுத்துக்கொண்டால் 261 பேரைப் பிடிப்போம், 29 பேரை விடுவோம், 4 பேருக்கு இல்லாத புற்றைச் சொல்லிவிடுவோம் என்கிறது. பார்டர்லைன் என்று வந்ததையும் புற்றாகக் கொண்டால் விடுபடுவோர் 10 ஆகக் குறைவார்கள், ஆனால் தவறாகச் சொல்லப்படுவோர் 75 ஆகிவிடுவார்கள். இப்படி எழுதினால் அது ஆட்களின் எண்ணிக்கை. எது பரவாயில்லை என்று டாக்டரும் நோயாளியும் சேர்ந்து பேசலாம். "துல்லியம் 95.6" என்பதை வைத்து யாரும் எதையும் பேச முடியாது.

விடுபட்ட வரிசைகள்

துல்லியம் தவிர இன்னும் மூன்று இடறல்கள்.

முதலாவது, "சொல்ல முடியாது" என்ற பதில். ஃபைப்ரோமா மாதிரி கெட்டியான கட்டியில் ஒற்றினால் செல்லே ஒட்டாது, சுரண்டினாலும் கொஞ்சம்தான் வரும். நீர்க்கட்டியிலும் அப்படித்தான். இந்த மாதிரி ஸ்லைடுகளைப் "போதுமானதல்ல" என்று ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் துல்லியம் பார்ப்பதைப் பல இடங்களில் காணலாம். ஆபரேஷன் மேசையில் அப்படி ஒதுக்க முடியாது. அங்கே காத்திருக்கும் சர்ஜனுக்குப் "போதுமானதல்ல" என்பதும் ஒரு ரிசல்ட்தான்.

இரண்டாவது, நேரம். எல்லாமே சில நிமிஷத்தில் முடியும் முறையைப் பற்றியவை. ஆனால் ஸ்லைடு எப்போது வாசிக்கப்பட்டது, பதில் தியேட்டருக்குப் போனதா என்பதற்கு வரி தேடணும். கட்டி ஃபார்மலினில் போகும் முன் ஸ்லைடு எடுத்து வைத்துக்கொண்டு, மறுநாள் லேப்பில் நிதானமாகப் பார்த்தால் அதுவும் பயனுள்ள ஆய்வுதான். அதற்கு "ஆபரேஷனின்போது" என்று தலைப்பு வைப்பது மட்டும் நியாயமில்லை. சாஃப்ட்வேரில், டெஸ்ட் சர்வரில் ஓடியதை புரொடக்‌ஷனில் ஓடியதாகச் சொல்வது மாதிரி இது.

மூன்றாவது, வாசித்தவருக்கு முன்கூட்டியே என்ன தெரியும்? ஸ்கேன், சிஏ-125, கட்டியின் வெட்டுமுகம் எல்லாம் பார்த்துவிட்டு ஸ்லைடைப் பார்ப்பது நிஜ வேலையில் சரி, அப்படித்தான் பார்க்கணும். ஆனால் ஆய்வில், கண்ணால் பார்த்தே எவ்வளவு சரியாகச் சொல்லியிருப்பார், ஸ்லைடு எவ்வளவு கூட்டிக் கொடுத்தது என்று பிரிக்கணும். முடியும் தோலும் அடைந்த டெர்மாய்டு கட்டியைச் சொல்ல மைக்ரோஸ்கோப் எதற்கு?

பேரையூரில் இருந்து பார்த்தால்

எங்க ஊர்ப் பக்கம் சொந்தத்தில் ஒரு அத்தைக்கு இந்தக் கட்டி வந்தது. டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் தாண்டி மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். கட்டியை எடுத்தார்கள், மூடினார்கள். ஃபார்மலின் ஊற்றிய பிளாஸ்டிக் டப்பாவை ஒரு கேரி பேக்கில் போட்டு மாமா கையில் கொடுத்து வெளி லேப்பில் சேர்க்கச் சொன்னார்கள். பத்து நாள் கழித்துப் புற்று என்று வந்தது. திரும்ப வயிற்றைத் திறக்கணும். மாமா கேட்ட ஒரே கேள்வி: "அன்னைக்கே பார்த்திருக்க முடியாதாப்பா?"

அவர் கேட்டது சரியான கேள்வி. கட்டுரைகள் சொல்லும் பதில், ஃப்ரோசன் எந்திரம் இல்லாவிட்டால் என்ன, ஸ்லைடு போதும் என்பது. ஆனால் அந்த டப்பா வெளி லேப்புக்குப் போனதற்குக் காரணம் எந்திரம் இல்லாதது மட்டும் இல்லை. அந்த நேரத்தில், அந்தக் கட்டடத்தில், பார்த்துச் சொல்ல பேத்தாலஜிஸ்ட் இல்லை. ஸ்லைடும் ஆல்கஹாலும் சாயமும் மலிவுதான். ஆபரேஷன் முடியும் வரை பக்கத்தில் நிற்கும் பழகிய கண் மலிவு இல்லை. ஸ்லைடு வாசிப்பு ஃப்ரோசனைவிடக் கூடுதல் பழக்கம் கேட்கும் வேலையும்கூட. சாதாரண ஃபாலிக்கிள் நீர்க்கட்டியில் இருந்து உதிரும் கிரானுலோசா செல்களைக் கட்டி என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு. ஆய்வு நடந்தது பேராசிரியர்கள் நிறைந்த மருத்துவக் கல்லூரியில். பரிந்துரை போவது அந்தப் பேராசிரியர்கள் இல்லாத ஊருக்கு. இடையில் இருக்கும் தூரம் எந்த அட்டவணையிலும் வரவில்லை.

ஸ்லைடைப் போனில் படமெடுத்து தூரத்தில் இருப்பவருக்கு அனுப்பலாமே என்று என் துறைக்காரர்கள் கேட்பார்கள். செய்யலாம். ஆனால் சுரண்டித் தடவிய ஸ்லைடில் செல்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். ஃபோகஸை மேலும் கீழும் நகர்த்தித்தான் வாசிக்கணும். ஒரே ஃபோகஸில் எடுத்த படம் பாதிக் கதைதான் சொல்லும்.

தூக்கத்தில் எடுக்கும் முடிவு

கட்டுரைகளில் காணாத ஆள் நோயாளி. பத்து நிமிஷத்தில் பதில் வருகிறது, சர்ஜன் திட்டத்தை மாற்றுகிறார், அந்த நேரத்தில் அந்தப் பெண் மயக்கத்தில் இருக்கிறார். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் சொன்னது இதைப் பற்றித்தான். பரிசோதனை லேப்ராஸ்கோப்பிக்குச் சம்மதம் கொடுத்த பெண் மயக்கத்தில் இருக்கும்போது, தாயாரிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது அந்தச் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். பரிசோதனைக்கும் அதைத் தொடரும் சிகிச்சைக்கும் சேர்த்து முன்கூட்டியே சம்மதம் வாங்கலாம் என்றும் சொன்னது.

ஆக, மேசை ரிசல்ட் எவ்வளவு வேகமாக வந்தாலும் அதை வைத்து என்ன செய்வது என்பதை முந்தின நாளே பேசி முடித்திருக்கணும். அப்படிப் பேச வேண்டுமானால், புற்று என்று சொன்னால் எவ்வளவு நம்பலாம், பார்டர்லைன் என்றால் எவ்வளவு, சாதா என்றால் எவ்வளவு என்று தனித்தனி எண் கையில் வேண்டும். ஒற்றைத் துல்லிய எண் அங்கேதான் கைவிடுகிறது.

அடுத்து எழுதப் போகிற முதுநிலை மாணவர் யாராவது இதை வாசித்தால் என் விண்ணப்பம் இது. மூன்றுக்கு மூன்று அட்டவணையை முழுசாகக் கொடுங்க. "சொல்ல முடியாது" என்பதை நான்காவது நெடுவரிசையாக வையுங்க. கட்டி லேப்புக்கு வந்ததில் இருந்து பதில் தியேட்டருக்குப் போன வரை எத்தனை நிமிஷம் என்று குறியுங்க. அந்தப் பதிலால் எத்தனை ஆபரேஷன் மாறியது, அதில் எத்தனை மாறியது சரி என்று எண்ணுங்க. ஐம்பது கேஸ் போதும், இந்த நான்கும் இருந்தால் அது ஐந்நூறு கேஸ் கட்டுரையைவிடப் பயன்படும்.

வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் இருந்தால், முந்தின நாள் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்க. கட்டியை எடுத்தவுடன் பார்த்துச் சொல்ல ஆள் இருப்பாரா? அவர் புற்று என்றால் எதை எடுப்பீங்க, பார்டர்லைன் என்றால் எதை எடுப்பீங்க? சொல்ல முடியாது என்றால் என்ன செய்வீங்க? கடைசிக் கேள்விக்கு, "சின்ன வயசு, பெரிசா எதையும் எடுக்காம மூடிட்டு முழு ரிசல்ட்டுக்குக் காத்திருப்போம், தேவைப்பட்டா இன்னொரு ஆபரேஷன்" என்று பதில் வந்தால் பயப்பட வேண்டியதில்லை. பல நேரம் அதுதான் சரியான பதில்.